பெயர்க்காரர் சுவர்

என் வீட்டுக்காரரின் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் ஊரில் பாதிப் பேர் தங்களைப் பற்றித்தான் எழுதியிருக்கிறேன் என்று சண்டைக்கு வந்துவிடுவார்கள். அவ்வளவு சாதாரணமான பெயர். எங்கள் தெருவில் தடுக்கி விழுந்தால் அந்தப் பெயர்க்காரர் ஒருவர் மேல்தான் விழ வேண்டும்.

கல்யாணமான புதிதில் இருவரும் பொருட்காட்சிக்குப் போனோம். கூட்டத்தில் இவரைத் தொலைத்துவிட்டேன். ஒலிபெருக்கி வைத்திருந்த கூடாரத்துக்குப் போய், பெயரைச் சொல்லிக் கூப்பிடச் சொன்னேன். ஏழெட்டுப் பேர் வந்து வரிசையாக நின்று என்னைப் பார்த்தார்கள். இவர் மட்டும் வரவில்லை. கடைசியில் ராட்டினத்துக்குப் பக்கத்தில் ஆளைக் கண்டுபிடித்து, "காது கேக்கலையா உங்களுக்கு?" என்றேன்.

"கேட்டுச்சே. வேற யாரையோ கூப்பிடறாங்கன்னு நினைச்சேன்" என்றார்.

இவரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதில் முக்கால்வாசி இந்த ஒரு பதிலிலேயே அடங்கிவிட்டது. மீதிக் கால்வாசிக்குத்தான் நான் இவ்வளவு தூரம் எழுத வேண்டியிருக்கிறது.

இந்தப் புத்தி இவருக்குப் பள்ளிக்கூடத்திலேயே வந்துவிட்டதாம். வகுப்பில் இந்தப் பெயரில் ஐந்து பையன்கள். வாத்தியார் முதல் நாளே ஆளுக்கொரு பட்டம் வைத்துவிட்டார். உயரமாக இருந்தவன் நெட்டை. இன்னொருவன் கண்ணாடி. ஒருவன் சுருட்டை. வாய் மூடாதவன் வானொலி. இவர் முறை வந்ததும் வாத்தியார் மேலும் கீழும் பார்த்தாராம். உயரமும் இல்லை, குட்டையும் இல்லை, கண்ணாடியும் இல்லை. "சரி, நீ மிச்சம்" என்று சொல்லிவிட்டுப் பாடத்துக்குப் போய்விட்டார். பள்ளி முடியும்வரை இவர் மிச்சம்தான். இதை என்னிடம் சொல்லும்போது விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு அந்த வாத்தியாரைத் தேடிப் போய் நாலு வார்த்தை கேட்க வேண்டும்போல இருந்தது.

பின்னாளில் நெட்டை பெரிய கோல்கீப்பர் ஆனார். கண்ணாடி பல் டாக்டராகி, மிருகக்காட்சிசாலை யானைக்குச் சொத்தைப் பல் பிடுங்கிப் பத்திரிகையில் வந்தார். அந்த இரண்டு படங்களையும் வெட்டி, கண்ணாடிச் சட்டம் போட்டு, எங்கள் கூடத்துச் சுவரில் மாட்டினார் இவர். ஆரம்பம் அதுதான். அதற்குப் பிறகு இவருக்கு அதுவே பித்தாகிப் போனது. வாடகைக் கார் ஓட்டுகிற மனிதர், சவாரி இல்லாத நேரத்தில் ரயில் நிலைய வாசலில் வண்டிக்குள் உட்கார்ந்து பேப்பரை வரி விடாமல் படிப்பார். தன் பெயரில் யாராவது ஏதாவது சாதித்திருந்தால் போதும், முன்பெட்டியிலிருந்து கத்தரிக்கோல் வெளியே வரும்.

வால்நட்சத்திரம் கண்டுபிடித்தவர் ஒருவர் சுவருக்கு வந்தார். பாடகர் ஒருவர் வாயைத் திறந்தபடி வந்தார். உள்ளங்கையை நீட்டி, அதில் ஒரு மண்புழுவை வைத்துக்கொண்டு, பிறந்த குழந்தையைப் பார்ப்பதுபோல அதையே பார்த்துக்கொண்டிருக்கும் தாடிக்காரப் பேராசிரியர் ஒருவர் வந்தார். நீச்சல் பயிற்சியாளர் ஒருவர் வந்தார். அவர் இளவயதில் தண்ணீருக்குள் பாயும்போது எடுத்த படம் அது. ஆள் முழுக்கத் தண்ணீருக்குள். வெளியே இரண்டு உள்ளங்கால்கள் மட்டும்தான் தெரியும். ஒருநாள் வங்கிக் கொள்ளைக்காரன் ஒருவனையும் கொண்டுவந்து மாட்டினார் பாருங்கள், எனக்கு வந்ததே கோபம்!

"இவன் எதுக்குங்க?"

"அவனும் பேர் எடுத்தவன்தானே?"

"எடுத்தது பேரில்ல, பணம்!" என்று கத்தி, அவனைக் கதவுக்குப் பின்னால் மாட்ட வைத்தேன். கதவைத் திறந்து வைத்தால் அவன் தெரியமாட்டான்.

வாரம் ஒருமுறை இந்தக் கூட்டத்தைத் துடைப்பது யார்? நான்தான். கோல், யானைப்பல், வால்நட்சத்திரம், மண்புழு, உள்ளங்கால் என்று ஆளுக்கொரு பட்டம் வைத்து, திட்டிக்கொண்டே துடைப்பேன். "சுவர் முழுக்க உங்க பேர். இதுல ஒருத்தராவது நீங்களா?" என்று கேட்டால், "நான் எதுக்கு? நான் பாக்கத்தானே இருக்கேன்" என்பார். முகத்தில் ஒரு துளி வருத்தம் இருக்காது. எனக்குத்தான் சுருக்கென்று இருக்கும்.

தொலைபேசித் தொல்லை வேறு. கைபேசி வராத காலம். டெலிபோன் புத்தகத்தில் அந்தப் பெயர் பக்கம் பக்கமாக ஓடும். எங்கள் எண் ஏனோ உச்சியில் இருந்தது. பல்வலிக்காரர்கள் கூப்பிடுவார்கள். பாடகரின் ரசிகைகள் கூப்பிடுவார்கள். கோல்கீப்பர் ஒரு பந்தைக் கோட்டை விட்டால் அன்று முழுக்க வசவு வரும். எல்லாருக்கும் இவர் ஒரே பதில்தான் சொல்வார்: "அது நான் இல்லீங்க. பேர் மட்டும் ஒண்ணு." சொல்லிவிட்டு வைத்துத் தொலைக்க மாட்டார். பல்வலிக்காரருக்கு வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொல்வார். வசவுக்காரரிடம், "அவர் என் கூடப் படிச்சவர்தாங்க, பாவம், முட்டி வலி" என்று கோல்கீப்பருக்காக மன்னிப்பும் கேட்பார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

எங்களுக்கு ஒரே பெண். வீட்டில் பாப்பா. நடக்கத் தெரிந்ததிலிருந்து தண்ணீரைக் கண்டால் விடமாட்டாள். நகராட்சி நீச்சல் குளத்தில் விடிந்ததும் ஒருமுறை, பள்ளி விட்டதும் ஒருமுறை. அவளுடைய ஈரத் துண்டுகள் காயாத நாள் எங்கள் வீட்டில் இல்லை. அவள் மனதில் இருந்தது ஒன்றே ஒன்று: தலைநகரத்தில் இருக்கும் பயிற்சிப் பள்ளியில் சேர வேண்டும். அந்தப் பள்ளிக்கு ஆள் எடுப்பவர் வேறு யாரும் இல்லை, எங்கள் சுவரில் இருக்கும் உள்ளங்கால்தான். ஊர் ஊராக ரயிலில் போய், ஒரு மதியம் பிள்ளைகளை நீந்தச் சொல்லிப் பார்ப்பார், பிடித்தவர்களை எடுப்பார், சாயங்கால ரயிலில் கிளம்பிவிடுவார். எங்கள் ஊருக்கு அந்த வருடம் வருவதாகச் சொல்லியிருந்தார். அடுத்த வருடம் பாப்பாவுக்கு வயது தாண்டிவிடும். ஆக இந்த மதியம் இல்லாவிட்டால் எப்போதுமே இல்லை. ஒரு வாரமாக அவள் நின்றுகொண்டேதான் சாப்பிட்டாள். உட்கார்ந்தால் வயிறு கனக்கிறதாம்.

நீச்சல் கழகச் செயலாளர் முந்தின நாள் எங்கள் வீட்டுக்கு வந்தார். கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும். ஆனால் அவர் கணுக்காலுக்கு மேல் தண்ணீரில் நனைந்து யாரும் பார்த்ததில்லை. ரயிலடியிலிருந்து பயிற்சியாளரை அழைத்துவரும் வேலையை இவரிடம் ஒப்படைத்தார்.

"ரயிலடியில பிடிக்கிற அட்டையில பேருக்குக் கீழ 'நீச்சல் பயிற்சியாளர்'னு எழுதிடுங்க. மறந்துடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இவர் வண்டியின் பின்பெட்டியைத் திறந்து ஒரு பழைய அட்டையை எடுத்தார். எப்போதோ அந்தப் பாடகரை அழைத்துவரப் போனபோது எழுதியது. கொட்டை எழுத்தில் வெறும் பெயர், அதாவது இவருடைய பெயரும்கூட. அதைத் துடைத்து முன்னிருக்கையில் வைத்தார்.

"கீழ எழுதலையா?" என்றேன்.

"எதுக்கு? அவ்வளவு பெரிய மனுஷனுக்கு அடையாளம் வேற சொல்லணுமா? ஏதோ சாமான் பெட்டிக்குச் சீட்டு ஒட்டுற மாதிரி! பேர் போதும்."

"அந்தப் பேரா? ரயில்ல இருந்து ஒரு கூட்டமே இறங்கி வரப்போகுது பாருங்க."

அவரும் சிரித்தார், நானும் சிரித்தேன். என் வாய்க்குச் சர்க்கரை போடக் கூடாது, அமிலம்தான் ஊற்ற வேண்டும்.

மறுநாள் மதியம் குளக்கரையில் கூட்டம் நெரிந்தது. முப்பது பிள்ளைகள் தொப்பியும் நீச்சலுடையுமாக வெடவெடத்துக்கொண்டு நின்றார்கள். பெற்றோர் எல்லாரும் படிக்கட்டில். நான் ஒரு கையில் துண்டும் மறு கையில் தேநீர்க் குடுவையுமாக நடுப்படியில் இடம் பிடித்திருந்தேன். குளோரின் வாசனையும் ஈரச் சிமெண்டும் இரைச்சலுமாக, காது அடைத்தது. வாசலில் வண்டி வந்து நின்றது. இவர் இறங்கி, கதவைத் திறந்துவிட்டு, மாப்பிள்ளையை அழைத்துவந்தவர்போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் வந்தார். பின்னால் வந்தவர் ஒல்லியான மனிதர். மழமழவென்று சவரம் செய்த முகம். எல்லாரையும் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டே வந்தார்.

வழியில் இருவரும் நல்ல சிநேகிதர்கள் ஆகியிருந்தார்கள். "என் பேரும் அதுதான் சார்!" என்று இவர் ஆரம்பித்திருக்கிறார். அதற்கப்புறம் வீடு வாசல், பிள்ளை குட்டி என்று ஊர்க்கதை. வந்த காரியத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை. பெரிய மனிதர்களைத் தொழில் விஷயம் கேட்டுத் தொந்தரவு செய்யக் கூடாது என்பது இவருடைய சட்டமாம். சட்டத்தைக் கொண்டுபோய் உடைப்பில் போட!

செயலாளர் ஓடிப்போய் விருந்தினரை நாற்காலியில் உட்காரவைத்து, கையில் நேரம் பார்க்கும் கடிகாரத்தைக் கொடுத்தார். முதல் அணியில் பொடியன்கள் நாலு பேர் நீந்தினார்கள். விருந்தினர் எல்லாருக்கும் சமமாகக் கை தட்டினார். குளத்தின் நடுவிலேயே மூச்சு வாங்கி நின்றுவிட்ட ஒரு பையனுக்குக் கொஞ்சம் அதிகமாகவே தட்டினார். எனக்கு என்னவோ போல இருந்தது. பெரிய பயிற்சியாளர் என்றால் முகத்தைக் கொஞ்சம் கடுகடுவென்று வைத்துக்கொள்ள மாட்டாரா?

அப்புறம் அவர் அந்தக் கடிகாரத்தை உள்ளங்கையில் வைத்து, கையை நீட்டி, தலையைச் சாய்த்து, பிறந்த குழந்தையைப் பார்ப்பதுபோல அதையே பார்த்தார்.

அந்தக் கையை எனக்குத் தெரியும். அந்தச் சாய்ந்த தலையையும் தெரியும். வாரா வாரம் ஈரத்துணியால் துடைக்கிறேன், தெரியாமல் போகுமா? தாடியை எடுத்துவிட்டால் ஆள் மாறிவிடுமா?

படிக்கட்டில் இரண்டிரண்டாகத் தாவி இறங்கி, வாசலில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்ற இவரைப் பிடித்தேன்.

"யாரைங்க கூட்டிட்டு வந்தீங்க?"

"நம்ம பேர்க்காரரை."

"எந்தப் பேர்க்காரரை?"

"எந்தப் பேர்க்காரர்னா? உள்ளங்..." என்று தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார்.

"அது உள்ளங்கால் இல்லீங்க! மண்புழு!"

இவர் திரும்பி நாற்காலியைப் பார்த்தார். விருந்தினர் இன்னமும் கடிகாரத்தைக் கையில் ஏந்திக்கொண்டிருந்தார். இவர் முகத்தில் ஈயாடவில்லை. நேரே அவரிடம் போய்க் குனிந்து, "சார், நீங்க இந்த ஊருக்கு எதுக்கு வந்தீங்க?" என்றார்.

"நூலகத்துல பேசக் கூப்பிட்டாங்க. மண்புழுவைப் பத்தி. அதுக்கு முன்னாடி வரவேற்பா நீச்சல் எல்லாம் வெச்சிருக்கீங்க! நான் எத்தனையோ ஊருக்குப் போயிருக்கேன், இப்படி ஒரு மரியாதையை எங்கயும் பார்க்கலை."

பாவம் மனிதர், கண் கலங்கியே சொன்னார்.

"அப்ப நம்ம பயிற்சியாளர் நூலகத்துலதான் இருப்பாரு" என்று சொல்லிவிட்டு இவர் வண்டியை நோக்கி ஓடினார். தொப்பை குலுங்க அப்படி ஓடி அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

விஷயத்தைச் செயலாளரிடம் சொன்னேன். வாயிலிருந்த விசில் கீழே விழுந்தது. "மானம் போச்சு! ரத்து! எல்லாரும் வீட்டுக்குப் போங்கன்னு சொல்லிடறேன்" என்று ஒலிவாங்கியை நோக்கிப் பாய்ந்தார். குளத்தின் அந்தக் கரையில் பாப்பா நின்றிருந்தாள். கை இரண்டையும் அக்குளில் சொருகிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ கோளாறு என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. கூட்டம் கலைந்துவிட்டால் கதை முடிந்தது. பயிற்சியாளர் வந்து யாருமில்லாத தண்ணீரையா பார்ப்பார்?

"ரத்துன்னு சொன்னீங்க, உங்களைத் தூக்கி ஆழமான பக்கம் போட்டுடுவேன்" என்றேன்.

செயலாளர் என்னைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார், ஒலிவாங்கியை என்னிடம் கொடுத்துவிட்டார்.

வாழ்க்கையில் முதல்முறை அதைப் பிடிக்கிறேன். "எல்லாரும் உக்காருங்க. பிள்ளைங்க எல்லாம் துண்டைப் போத்திக்கிட்டு முன்னாடி வாங்க. அடுத்த போட்டிக்கு முன்னாடி நம்ம விருந்தினர் பேராசிரியர் ஐயா, மண்புழுவைப் பத்தி ரெண்டு வார்த்தை பேசுவாங்க" என்று சொல்லிவிட்டேன்.

படிக்கட்டில் சலசலப்பு. "மண்புழுவா?" என்று யாரோ கேட்டார்கள். "ஆமா, மண்புழுதான். அதுவும் ஈரத்துல இருக்கிறதுதான்" என்று ஒரு போடு போட்டேன். பேராசிரியரோ இதற்காகவே பிறவி எடுத்தவர். கால்சட்டைப் பையிலிருந்து மூடியில் துளையிட்ட ஒரு சின்னப் புட்டியை எடுத்தார். அவ்வளவுதான், முப்பது பிள்ளைகளும் அவர் காலடியில். மண்புழுவுக்கு நுரையீரல் இல்லை, தோலாலேயே மூச்சு விடும் என்றார். "அப்ப அது தண்ணிக்குள்ள எவ்வளவு நேரம் இருக்கும்?" என்று ஒரு வாண்டு கேட்டது. "உங்களையெல்லாம் விட ரொம்ப நேரம்" என்றார். பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள். புழு கை மாறிக் கை மாறிப் போனது. பாப்பாவும் ஒரு நிமிஷம் கையில் வாங்கிப் பார்த்துச் சிரித்தாள். அந்த வாரத்தில் அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். நான் மட்டும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நூலகத்தில் நடந்ததை இவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பாதியைத் தள்ளுபடி செய்துவிட்டுத்தான் எழுதுகிறேன். நூலக ஊழியர் சைக்கிளில் ரயிலடிக்குத் தாமதமாகப் போயிருக்கிறார். ஒரே ஒருவர் மட்டும் பையோடு நின்றிருக்கிறார். பெயரைச் சொல்லி, "நீங்கதானே?" என்று கேட்டிருக்கிறார். "ஆமா" என்றிருக்கிறார் அவர். சைக்கிள் பின்னிருக்கையில் உட்காரவைத்துக் கொண்டுபோய் மேடையில் ஏற்றிவிட்டார்கள். எதிரே தோட்டம் வைத்திருப்பவர்களும் மண்புழு உரக் கூடை வைத்திருப்பவர்களுமாக ஒரு கூட்டம். தலைமை தாங்கிய நூலகர் அம்மா அறிமுக உரையை ஆரம்பித்து அரைமணி நேரமாகியும் முடித்தபாடில்லை. பயிற்சியாளர் இடையில் இரண்டு தடவை எழுந்து ஏதோ சொல்லப் பார்த்தாராம். அந்த அம்மா தோளைப் பிடித்து அழுத்தி உட்காரவைத்து, "புகழ்ந்தா கூச்சப்படறாரு, அடக்கத்தைப் பாருங்க!" என்று கூட்டத்தைக் கை தட்ட வைத்தாராம்.

இவர் மூச்சிரைக்க உள்ளே போய், மேடையைப் பார்த்து, "சார், நீங்க நீச்சலா?" என்று கத்தியிருக்கிறார்.

"ஆமாப்பா! அப்பாடா, நீ ஒருத்தனாவது கேட்டியே!" என்று அவர் மேடையிலிருந்து குதித்தே இறங்கிவிட்டாராம்.

வாசலில் வண்டிச் சத்தம் கேட்டபோது எனக்குப் போன உயிர் வந்தது. இவருடைய காருக்குப் பின்னால் சைக்கிளும் ஆட்டோவுமாக நூலகக் கூட்டமும் வந்து இறங்கியது. அவர்களுக்கு அவர்களுடைய மண்புழு வேண்டுமே! குள்ளமாக, கழுத்தே இல்லாமல், முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு ஒருவர் முன்னால் நடந்து வந்தார். நான் நினைத்தபடியே இருந்தது முகம். ஆனால் பேராசிரியர் பேச்சை நிறுத்துவதாக இல்லை. யார் வந்து நிற்கிறார்கள் என்று அவர் பார்க்கவும் இல்லை. பயிற்சியாளர் ஒரு நிமிஷம் நின்று கேட்டார். அப்புறம் தரையில் பிள்ளைகளுக்கு நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். புழு அவர் கைக்கும் வந்தது. "மூச்சை வீணாக்காம நகருது பாருங்க. இதை நான் பிள்ளைங்களுக்குச் சொல்லிச் சொல்லித் தொண்டை வத்திப் போச்சு" என்றார்.

உயிர் திரும்பிய செயலாளர், ஒலிவாங்கியில் அந்தப் பெயரைச் சொல்லி, "வருக வருக!" என்று முழங்கினார். பேராசிரியர் கும்பிட்டார். பயிற்சியாளர் கும்பிட்டார். இருவருக்கும் நடுவில் நின்ற இவர் மட்டும், யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று பின்னால் திரும்பிப் பார்த்தார்.

போட்டி தொடங்கியது. பாப்பா மூன்றாவது அணி. விசில் ஊதியதும் பாய்ந்தாள். முதல் பாதியில் பின்தங்கிவிட்டாள். எனக்குக் கண்ணை மூடிக்கொள்ளலாமா என்று இருந்தது. இவர் எனக்குப் பக்கத்தில் நின்று என் தேநீர்க் குடுவையை நசுக்கிக்கொண்டிருந்தார். "என்னாலதான். எல்லாம் என்னாலதான். கீழ ரெண்டு வார்த்தை எழுதியிருந்தா, பிள்ளை உடம்பு சூடா இருக்கும்போதே நீந்தியிருப்பா" என்று முணுமுணுத்தார். திட்டலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். முகத்தைப் பார்த்தபின் திட்ட வரவில்லை. கையைப் பிடித்துக்கொண்டேன். குளத்தின் மறுகரையில் உதைத்துத் திரும்பியதும் பாப்பா வேகம் எடுத்தாள். தலையே வெளியில் தெரியவில்லை. எப்போது மூச்சு வாங்கினாள் என்றும் தெரியவில்லை. சடசடவென்று இரண்டு பேரைத் தாண்டி, இரண்டாவதாகச் சுவரைத் தொட்டாள்.

பயிற்சியாளர் நாற்காலியில் உட்காரவே இல்லை. குளக்கரையில் குப்புறப் படுத்துக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, முகத்தைத் தண்ணீர் மட்டத்துக்கு வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்களுக்குத் தெரிந்தது அவருடைய இரண்டு உள்ளங்கால்கள்தான்.

"இவர்தாங்க. சந்தேகமே இல்ல" என்றேன் நான்.

எல்லாம் முடிந்ததும், பள்ளிக்கு எடுத்தவர்களில் முதலாவதாக வந்த பெண்ணை அவர் கூப்பிட்டார். அடுத்து எங்கள் பாப்பாவைக் கூப்பிட்டு, "முழுப் பேரைச் சொல்லு" என்றார். அவள் தன் பெயரையும், அதோடு சேர்த்து அப்பா பெயரையும் சொன்னாள். அவர் புருவத்தைத் தூக்கினார்.

"பின்னாடி என் பேரைச் சேர்த்துச் சொல்றியே?"

"இல்ல சார்," என்றாள் பாப்பா, பல் தந்தியடிக்க. "அது எங்க அப்பா பேர்."

பேராசிரியர்தான் முதலில் சிரித்தார். அப்புறம் எல்லாரும். படிக்கட்டில் ஒரு அம்மா, "பேர் ஒண்ணுன்னு எடுத்துட்டாரு" என்று சொல்வது என் காதிலும் விழுந்தது, பயிற்சியாளர் காதிலும் விழுந்தது. "பேருக்காக எடுக்கிறதுன்னா இந்த ஊர்ல பாதிப் பேரை நான் ரயிலேத்தணும்மா" என்றார் அவர். இவரே அந்த இருவரையும் வண்டியில் ஏற்றி, ஒருவரை நூலகத்திலும் ஒருவரை ரயிலடியிலும் இறக்கிவிட்டார். வழியெல்லாம் யார் யாரைக் கூப்பிட்டாலும் மூன்று பேரும் "என்ன?" என்றார்களாம். தவறு, இரண்டு பேர். மூன்றாமவரான இவர், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தார்.

பாப்பா போனாள். வீட்டில் ஈரத் துண்டு இல்லாமல் கொடி வெறிச்சோடிக் கிடந்தது. அதைப் பார்த்து நான் அழுததை இவரிடம் சொல்லவில்லை. இவர் அழுததை இவரும் சொல்லவில்லை. சில வருடங்கள் கழித்து, பல நாட்டுப் பிள்ளைகள் கலந்துகொண்ட போட்டியில் அவள் முதலாவதாக வந்தாள். மறுநாள் பேப்பரில் பெரிய படம். தண்ணீருக்கு வெளியே தலை நீட்டி, வாய் கொள்ளாத சிரிப்பு. கீழே தடித்த எழுத்தில் அவள் பெயர், அதோடு இவர் பெயர்.

இவர் கத்தரிக்கோலை எடுத்து, ஓரம் பிசிறில்லாமல் வெட்டினார். சட்டம் போட்டுக் கொண்டுவந்தார். நேராகப் பாப்பாவின் அறைக்குப் போனார்.

"சுவர் இங்க இருக்கு. எங்க போறீங்க?" என்றேன்.

"அது நம்ம பேர்ல பேர் எடுத்தவங்க சுவர். இது பாப்பாவோடது. அவ அறையிலயே இருக்கட்டும்."

"இதுல உங்க பேர் இருக்கே?"

"இருக்கு. அது சும்மா அவ கூட ஒட்டிக்கிட்டு வந்திருக்கு."

அப்போது வந்தது எனக்கு ஆத்திரம். அந்தப் பொருட்காட்சியிலிருந்து சேர்த்து வைத்திருந்த ஆத்திரம். சட்டத்தை அவர் கையிலிருந்து பிடுங்கினேன். அந்தச் சுவரில் இனிமேல் ஓர் ஆணிகூட அடிக்க விடமாட்டேன் என்று வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தவள், நானே சுத்தியலை எடுத்தேன். நட்டநடுவில் இருந்த கோல்கீப்பரைக் கழற்றிக் கீழே இறக்கினேன்.

"ஐயோ, நெட்டை கோவிச்சுக்கப் போறான்!"

"கோவிச்சா போன் பண்ணட்டும். நான் பேசிக்கறேன்" என்று ஆணி அடித்து மாட்டினேன். "இத்தனை வருஷமா இந்தச் சுவரைத் துடைக்கிறேன். இவங்க எல்லாம் யாரோ. இந்த ஒரு பேர்தான் நீங்க. நல்லாப் பாருங்க."

இவர் பார்த்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்தார். மூக்கை உறிஞ்சினார்.

அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி அடித்தது. இவர்தான் எடுத்தார். எதிர்முனையில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டிருக்க வேண்டும். பழக்கதோஷம், "யாருங்க வேணும்? பல் டாக்டர்னா அது நான் இல்லீங்க, பேர் மட்டும்..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நின்றார். அவர்கள் என்னவோ சொல்லிக்கொண்டே போனார்கள். இவர் கேட்டுக்கொண்டே என்னைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். நின்றவாக்கில் சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டார்.

"ஆமாங்க" என்றார். "அந்தப் பொண்ணோட அப்பாதான். அது நான்தான்."